இடப்பெயரும் மாயப்புனைவும்: ‘நெவர்வேர்’ காட்டும் இலண்டன்

இடப்பெயர்கள் நாள்வழக்கில் பொருளிழந்து வெறும் சுட்டுக்குறிகளாக நிற்பது மொழிகளுக்குப் பொதுவியல்பு. சுரங்க இரயிலில் செல்லும் இலண்டன்வாசிக்கு ‘ஏஞ்சல்’ என்பது ஒரு நிலையம். வானதூதன் அவன் நினைவுக்கு வருவதில்லை. நீல் கெய்மனின் ‘நெவர்வேர்’ (1996) இத்தகைய பெயர்களின் நேர்ப்பொருளை மீட்டு, அதனையே மாந்தராகவும் களமாகவும் ஆக்குகிறது. எனினும் இவ்வுத்தி எல்லா இடங்களிலும் ஒரே வலிமையுடன் செயற்படுவதில்லை.

தெருவில் காயமுற்றுக் கிடந்த பெண்ணுக்கு உதவும் ரிச்சர்டு மேஹ்யூ என்னும் அலுவலக ஊழியன், கீழ் இலண்டன் என்னும் மறைவுலகில் சிக்குகிறான். மேலே உள்ளோர் கண்ணுக்கு அவன் புலப்படுவதே அரிதாகிறது. சமூகத்தின் கவனிப்பிலிருந்து விடுபட்டோரை ‘இடுக்குகளில் நழுவியோர்’ என்பது ஆங்கில வழக்கு. அதனை நேர்ப்பொருளில் கொண்டதே கதையின் அடித்தளம். வீடற்றோரைக் காணாது கடந்து செல்லும் பெருநகரின் பழக்கம் இங்கு மாயமாக அன்றி நடப்பியலாகவே உறைக்கிறது.

இடப்பெயர்களுள் ‘ஏர்ல்ஸ் கோர்ட்’ ஆக்ஸ்போர்டு ஏர்ல்களின் பண்ணை மன்றத்தை நினைவூட்டுவது. புதினத்தில் முதிய ஏர்ல் ஒருவர் இரயில் பெட்டியில் அவை நடத்துகிறார். காட்சி சுவையானது, ஆயின் சிலேடை சிலேடையாகவே நின்றுவிடுகிறது. தலபுராணங்களில் பெயருக்காகவே புனையப்பட்ட கதைகளைப் படித்தவர்க்கு இக்குறை புதிதன்று.

‘நைட்ஸ்பிரிட்ஜ்’ வேறு வகையினது. இதன் முதற்சொல் பழைய ஆங்கிலத்தில் இளைஞனையும் ஏவலனையும், பின்னர்ப் போர்வீரனையும் குறித்தது. அதன் தொடக்கத்தில் ககர ஒலி இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், சொன்முதலில் மூக்கொலிக்கு முன்வந்த அக்ககரம் ஆங்கிலப் பேச்சில் கெடவே, வீரனைக் குறிக்கும் சொல்லும் இரவைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒன்றாயின. எழுத்தில் மட்டும் ககரம் எஞ்சிற்று. இந்த ஒலிக்கேட்டின் மீதே கெய்மன் தம் ‘இரவுப் பால’த்தை எழுப்புகிறார். அதன் இருளைக் கடக்கையில் வழித்துணையாக வந்த அனஸ்தீசியா என்னும் சிறுமி மறைந்துபோகிறாள். பெயர் இங்கு ஓர் உயிரை விலையாகப் பெறுகிறது. ‘ஏஞ்சல்’ பகுதியும் அத்தகையதே. ஒரு விடுதியின் பெயரிலிருந்து வந்த அப்பெயரைப் பின்னோக்கி நடத்தி, தூதனையே நிறுத்தி, பின் அவனை வஞ்சகனாகக் காட்டுகையில், சொல்லை நம்பிய வாசகனும் ஏமாறுகிறான்.

பென் ஆரனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011) ஒலியை விட்டு வரலாற்றைப் பற்றுகிறது. மண்ணுக்குள் மூடப்பட்ட ஃபிளீட், டைபர்ன் ஆறுகள் அங்கே பெண்கள். அவர்தம் தாயான தேம்ஸ் அன்னை நைஜீரியாவிலிருந்து வந்தவள். பழைய ஆற்றுத்தெய்வம் நகரைக் கைவிட்டதற்குக் காரணம் 1858 கோடையில் எழுந்த பெருநாற்றம். தொன்மத்துக்கு ஆண்டும் காரணமும் தரும் இம்முறையில் நகரம் திண்மை பெறுகிறது. கெய்மனின் அச்சமோ இதில் இல்லை.

தமிழில் பெயர்ப்போர்க்கு ஏர்லின் அவை ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடும். இரவுப் பாலம் அவ்வாறன்று. இரு சொற்களையும் ‘நைட்’ என்றே எழுதும் நம் எழுத்துப்பெயர்ப்பில் ஒலியொற்றுமை எஞ்சும்; பேசப்படாது எழுத்தில் மட்டும் நிற்கும் அந்தக் ககரத்துக்கு இடமில்லை.