சிக்கலை வரையறுப்பவர் யார்? கெடாத் தோட்டங்களின் தொழில்நுட்ப வரலாறு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கெடா மாநிலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் கடாரத்தில் தொடங்கிப் பூஜாங் பள்ளத்தாக்கில் நிறைவுறுகின்றன. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பும் அப்பள்ளத்தாக்கின் கோயிற் சிதைவுகளும் நம் கவனத்தை ஈர்த்திருப்பது இயல்பே. ஆயினும், அப்பள்ளத்தாக்கிற்கு அணித்தாக உள்ள பீடோங், சுங்கைப் பட்டாணி, கோலக்கெட்டில், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் ஆகிய ஊர்களைச் சார்ந்த ரப்பர்த் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த தொழில்நுட்ப மாற்றங்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

படைப்பாற்றல் மிக்க தொழில்நுட்பம் நிறுவனங்களின் நடைமுறைச் சிக்கல்களைத் தீர்க்கும் என்னும் கருத்து இன்று கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாக முன்வைக்கப்படுகிறது. இக்கருத்தை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால், அது ஒரு வினாவைக் கேளாமலே கடந்து செல்கிறது. ஒரு நிறுவனத்தில் எது சிக்கல் என்று வரையறுக்கும் உரிமை யாருக்கு உள்ளது என்பதே அவ்வினாவாகும். தோட்டமும் ஒரு நிறுவனமே. அங்குப் புகுத்தப்பட்ட நுட்பங்கள் சிலவற்றை இவ்வினாவின் ஒளியில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

தொழில்நுட்பம் என்னும் சொல்

தொழில்நுட்பம் என்று இன்று நாம் கூறும்போது இயந்திரமோ கணினியோ நம் மனத்தில் தோன்றுகிறது. சொல்லின் அமைப்போ தொழிலில் உள்ள நுண்மையையே குறிக்கிறது. இப்பொருளில் நோக்கினால், கெடாத் தோட்டங்களின் முதன்மையான தொழில்நுட்பம் பால்வெட்டுத் தொழிலாளியின் கையில் இருந்தது எனலாம்.

பால்மரத்தின் பட்டையில், பால் குழாய்கள் வளர்படலத்தை ஒட்டியே மிகுதியாக அமைந்துள்ளன. உளி ஆழம் குறைந்து சென்றால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் வளர்படலம் காயமுற்று, மீண்டும் வளரும் பட்டை முடிச்சுகளோடு வரும்; அதன்பின் அப்பகுதியைச் செம்மையாக வெட்ட இயலாது. இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. விடியற்கு முன்னர், தலைவிளக்கின் வெளிச்சத்தில், ஒரு நாளில் ஏறத்தாழ 500 மரங்களில் இந்த அளவைக் கையுணர்வு ஒன்றைக் கொண்டே காக்க வேண்டும். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் இயக்குநராக இருந்த எச்.என். ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் முன்னைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். அம்முறை நூல்களில் அவர் பெயரால் நிலைபெற்றுள்ளது. அதனை நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டிய கைகள் உழைப்பு என்னும் கணக்கில் மட்டுமே எழுதப்பட்டன.

இதன் விளைவு ஆய்வுலகிலும் காணப்படுகிறது. ரப்பர்த் தொழிலின் நுட்பத்தையும் பொருளியலையும் விரிவாக ஆராய்ந்த காலின் பார்லோவின் நூல் 1978இல் வெளிவந்தது. தோட்டத் தமிழரின் சமூக வாழ்வை ஆராய்ந்த ரவீந்திர ஜெயினின் நூல் 1970இல் வெளிவந்தது. இரண்டும் தத்தம் துறையில் மதிக்கத்தக்கவை. எனினும், நம் நூலகங்களில் இவை வெவ்வேறு அடுக்குகளில் இருப்பதைப் போலவே, நம் சிந்தனையிலும் தொழில்நுட்ப வரலாறும் தொழிலாளர் வரலாறும் பிரிந்தே கிடக்கின்றன. இப்பிரிவினையால் நாம் இழப்பது யாது என்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டுகள் காட்டும்.

நிறுவைக் கொட்டகையில் மிதந்த அளவி

மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பரின் அளவு பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி நீரே. மழை, பருவம், மரவகை, வெட்டின் முறை ஆகியவற்றிற்கேற்ப இவ்வளவு மாறும். வாளிப் பாலின் எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் நீருக்கும் கூலி கொடுக்க நேரிடும் என்பது நிர்வாகத்தின் சிக்கல். இதற்குத் தீர்வாக வந்ததே மெட்ரோலாக் என்னும் மிதக்கும் அளவி. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆதலின், ரப்பர் செறிந்த பாலில் அளவி ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் மேலெழும்பும். வாசிப்பைக் கொண்டு உலர்ந்த ரப்பரின் எடை கணக்கிடப்படும்.

எளிய, மலிவான, விரைவான இக்கருவி உண்மையிலேயே படைப்பாற்றலின் விளைவுதான். ஆயினும், அதன் வாசிப்பு பாலின் வெப்பநிலையாலும் நுரையாலும் ரப்பரல்லாத பிற திடப்பொருள்களாலும் மாறக்கூடியது. 20 கிலோ பாலில் வாசிப்பு நூற்றுக்கு 35 எனில் ரப்பர் 7 கிலோ. 30 எனில் 6 கிலோ. கூலி எடையைச் சார்ந்திருந்த அளவிற்கு இவ்வேறுபாடு ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கைத் தொட்டது. காண்டாவில் வாளிகளைச் சுமந்து வந்து வரிசையில் நின்றவருக்குக் கிராணியின் வாயிலிருந்து ஓர் எண் மட்டுமே கிடைத்தது. நிறுவை பற்றிய ஐயம் தோட்ட மக்களின் பேச்சிலும் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளிலும் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

இங்கு இரு சிக்கல்கள் இருந்தன. தொழிலாளி பாலில் நீர் சேர்க்கிறாரோ என்பது நிர்வாகத்தின் ஐயம். கணக்கில் எடை குறைகிறதோ என்பது தொழிலாளியின் ஐயம். கருவி முதல் ஐயத்திற்காகவே அமைந்தது. வாசிப்பைத் தொழிலாளிக்குக் காட்டுதல், ஒவ்வொருவர் பாலிலும் மறுமாதிரி எடுத்து வைத்தல், எண்ணை எழுதிய சீட்டை அவர் கையில் தருதல் ஆகியவற்றிற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. இரண்டாம் ஐயமும் சிக்கல் என ஏற்கப்பட்டிருந்தால், நிறுவை முறையிலேயே இவை இன்றியமையாத உறுப்புகளாக இடம்பெற்றிருக்கும்.

ஆய்வகத்தின் இரு தீர்வுகள்

1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் (1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதி) உலக அளவில் மதிப்புப் பெற்ற நிறுவனம். அதன் சாதனைகளுள் இரண்டினை இங்கு நோக்கலாம்.

முதலாவது, 1965இல் அறிமுகமான தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம். அதுவரை ரப்பர்த் தகடுகள் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கப்பட்டன. செயற்கை ரப்பரோ அளந்து கூறப்பட்ட பண்புகளோடு சந்தைக்கு வந்தது. அப்போட்டியை எதிர்கொள்ள, அழுக்கின் அளவு முதலிய ஆய்வக அளவீடுகளால் தரம் குறிக்கப்பட்ட கட்டி ரப்பர் உருவாக்கப்பட்டது. கோப்பையில் உறைந்த கட்டிப்பாலும் வெட்டுக்கோட்டில் உலர்ந்த கோட்டுப்பாலும் தாழ்ந்த பொருள்கள் என்னும் நிலை மாறி, ஏற்புடைய மூலப்பொருள்களாயின. இயற்கை ரப்பருக்கு உலகச் சந்தையில் நிலையான இடத்தைப் பெற்றுத் தந்ததில் இத்திட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. தொழிலாளரின் வேலையும் அதனால் ஓரளவு காக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, 1960களின் இறுதியில் கண்டறியப்பட்ட எத்தஃபான் என்னும் தூண்டு மருந்தின் பயன். வெட்டியபின் சில மணி நேரத்தில் பால் குழாய்களின் வாய் அடைபட்டு ஒழுக்கு நின்றுவிடும். பட்டையில் பூசப்படும் இம்மருந்து எத்திலீனை வெளியிட்டு, அவ்வடைப்பைத் தாமதப்படுத்துகிறது. பால் நீண்ட நேரம் வடிவதால், ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டிய மரத்தை மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை வெட்டினால் போதுமாயிற்று. பிற்காலத்தில் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை பெருகியபோது இது பெருந்தீர்வாகப் போற்றப்பட்டது. அளவு மிகுந்தால் வெட்டுப்பட்டை வறண்டு மரம் பாலின்றிப் போகும் என்பதும் விரைவில் அறியப்பட்டது.

மரத்தின் வறட்சி ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. அதே மருந்தால் ஒரு தொழிலாளியின் பொறுப்பில் எத்தனை மரங்கள் கூடின, எத்தனை பேரின் தேவை குறைந்தது என்பவை தோட்டத்தின் செலவுக் கணக்கில் இலாபமாக மட்டும் பதிவாயின. விடியற்கு முன் வெட்டுவது மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் பால் நன்கு வடியும் என்பதற்காக. அதன்பொருட்டு, உறங்கும் குழந்தையைத் தூக்கிச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டுப் பிரட்டுக்கு ஓடிய தாயின் சிக்கல் எந்த ஆய்வுத் திட்டத்திற்கும் தலைப்பாகவில்லை. வறண்ட பருவத்தில் மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் கூலியும் குறைந்ததே. அதுவும் இயற்கையின் செயலாகவே கொள்ளப்பட்டது.

துண்டாடலும் பங்குத்தொகையும்

தொழிலாளரின் சிக்கலே சிக்கலாக ஏற்கப்பட்டபோது என்ன நிகழும் என்பதற்கும் கெடாவில் ஒரு சான்று உண்டு. 1950களில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என நம் வரலாற்றில் பெயர்பெற்ற இந்நிகழ்வால் தொழிலாளர்கள் வேலையோடு வீடு, பள்ளி, கோயில் ஆகியவற்றையும் ஒருங்கே இழந்தனர். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் லயத்தில் வாழ்ந்தவருக்கே இருந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அதனை மையமாகக் கொண்டது. 100 வெள்ளிப் பங்கினை மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தித் தொழிலாளரே உறுப்பினராயினர். தோட்டம் தோட்டமாகச் சென்று திரட்டப்பட்ட அப்பணத்தைக் கொண்டு தோட்டங்கள் துண்டாடப்படாமல் முழுமையாக வாங்கப்பட்டன. அவ்வாறு வாங்கப்பட்ட முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் ஆகும்.

இதில் புதிய கருவியோ மருந்தோ இல்லை. எனினும் இதனைத் தொழில்நுட்பப் படைப்பாற்றலின் வரிசையில் வைத்து எண்ணுவதே பொருத்தம் என்று கருதுகிறோம். தனியொருவருக்கு ஒரு மரம் வாங்கவும் போதாத தொகையை, ஒரு தோட்டத்தையே வாங்கும் ஆற்றலாக மாற்றிய வழிமுறை அது. தஞ்சையில் பிறந்த பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா, அரிசி ஆலையை மதிப்பிடும்போது உற்பத்தியின் வேகத்தோடு நில்லாமல், நெல் குத்துவோரின் பிழைப்பையும் உண்போரின் உடல்நலத்தையும் சேர்த்தே கணக்கிட்டார். அவ்வளவுகோலைத் தோட்டத்திற்குப் பொருத்தினால், மெட்ரோலாக்கைவிடப் பங்குச் சீட்டு குறைந்த நுட்பமுடையது என்று கூற இயலாது.

இரு மறுப்புகள்

நம் கருத்திற்கு இரு மறுப்புகள் எழலாம். நிறுவனம் தழைத்தால் தொழிலாளியும் தழைப்பார். ஆதலால் சிக்கலை யார் வரையறுத்தாலும் பயன் ஒன்றே என்பது முதல் மறுப்பு. விளைச்சல் மிக்க ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மரவகைகள் பரவியபோது தொழிலாளரும் ஓரளவு பயன்பெற்றது உண்மையே. ஆனால், எடையைச் சாராத நிலையான மாதச் சம்பளம் என்னும் கோரிக்கை, விளைச்சல் பெருகிய அப்பல்லாண்டுகளிலும் கோரிக்கையாகவே நீடித்தது. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்னும் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் சட்டத்தின் வழியே வந்தது. அதற்குள் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை தோட்டங்களை விட்டு நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பல தோட்டங்கள் குறைந்த ஆள்களே தேவைப்படும் செம்பனைக்கு மாறிவிட்டன.

கூட்டுறவும் முழுத்தீர்வன்று என்பது இரண்டாம் மறுப்பு. இதனை ஏற்கிறோம். துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் சங்கம் வாங்க இயலவில்லை. பங்குதாரரான பின்னரும் தொழிலாளி காலையில் உளியோடு செல்லும் கூலியாளாகவே இருந்தார். எனினும், அரைகுறைத் தீர்வாயினும் அது சரியான சிக்கலுக்குரிய தீர்வு. பிறருடைய சிக்கலுக்கு முழுமையாகக் கிடைத்த தீர்வு இவ்விழப்பை ஈடுசெய்யாது.

முடிவுரை

கூலிமில் 1996இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்று குறைகடத்திச் சில்லுகள் உருவாகின்றன. பால் வெட்டியவரின் பெயரர்கள் பலர் இத்தகைய ஆலைகளில் பணியாற்றுகின்றனர். எஞ்சிய தோட்டங்களில் உழைப்போர் பெரும்பாலும் அயல்நாட்டவர். மின்னணுத் தராசும் கணினிப் பதிவும் கிராணியின் குறிப்பேட்டின் இடத்தைப் பெற்று வருகின்றன. பழைய வினாவோ மாறவில்லை. திரையில் தோன்றும் எண்ணை உழைப்பவர் காண்கிறாரா? அது பிழையென்று கூற அவருக்கு வழியுண்டா? எது சிக்கல் என்று முடிவுசெய்யும் மேசையில் அவருக்கு இருக்கை உண்டா? எந்த நிறுவனத்தின் எந்த நுட்பத்தைப் போற்றும் முன்னரும் இம்மூன்று வினாக்களை எழுப்புவது திறனாய்வாளரின் கடமையாகும்.

நம் துறைக்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. மரத்தின் வயதையும் பட்டையின் தன்மையையும் கைவழி அறிந்த முதியோர் இன்றும் சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். நம் களப்பணிகள் அவர்களிடம் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டுப் பதிவுசெய்கின்றன. அப்பணி தொடர வேண்டும். அதனோடு, உளியைத் தீட்டிய முறை, வெட்டின் ஆழத்தை உணர்ந்த விதம், நிறுவையைத் தாமே சரிபார்த்துக்கொண்ட உத்தி ஆகியவற்றையும் தொழில்நுட்ப அறிவாகவே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். மங்கு, காண்டா, கோட்டுப்பால் முதலிய சொற்களைப் பொருள்விளக்கத்தோடும் செய்முறையோடும் தொகுக்க வேண்டும். அச்சொற்களை வாழ்ந்து அறிந்தவர்களின் காலம் முடிவதற்குள் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.