விரலுக்குத் தெரிந்த பிடி

பினாங்கில் சாலைச் சைக்கிள் ஓட்டும் இருவர் சந்தித்தால் பேச்சு வண்டியின் எடை, சக்கரத்தின் விலை, ஏற்றத்தில் எடுத்த நேரம் என்றுதான் போகும். பிரேக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கோ எந்த வண்டியைப் பார்த்தாலும் கண் முதலில் போவது அதன் பிரேக் கட்டைகளுக்குத்தான். ரிம்மின் இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டு, மேலே டயரை உரசாமல், கீழே ரிம்மை விட்டு இறங்காமல் அவை நிற்கும் ஒழுங்கைப் பார்த்தாலே அந்த வண்டியைத் தொட்ட கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பிரேக்கைச் சும்மா இருக்கவிடாத தீவு இது. தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. ஜூன், ஜூலையில் டுரியான் இறங்கிவிட்டால் வளைவு முடிகிற இடத்திலேயே பழக்கடை இருக்கும். கடையைக் கண்ட கார் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவை நோக்கி இறங்கும்போது விரல் லிவரை விட்டு வரவே வராது. செப்டம்பர், அக்டோபரில் மழை வேறு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 157,000 ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்று எடுத்துக்கொண்டது போக மீதியில் பெரும்பங்கை வெப்பமாக்கி ரிம்மில் இறக்கி வைப்பது விரல் நீளம்கூட இல்லாத நான்கு ரப்பர் துண்டுகள்.

நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு ராலே சைக்கிள்களில் வயர் கிடையாது. கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் மூட்டு மூட்டாக இறங்கி, லாடம் போன்ற ஒரு வளையத்தை மேலே இழுக்கும். கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைப் பிடிக்கும். முரட்டு வேலை, ஆனால் உறுதியான வேலை. உறைக்குள் ஓடும் வயருக்கு எர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் விரலின் இழுப்பு வளைந்து நெளிந்து போகக் கற்றுக்கொண்டது. 1990-களில் ஷிமானோ நிறுவனம் பரவலாக்கிய, கட்டைகளை ரிம்மோடு நெருக்கும் இரட்டை அச்சுக் கேலிப்பர் வந்ததும், குறைந்த இழுப்பில் அதிகப் பிடி கிடைத்தது. இரு கட்டைகளும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொட்டன. என் ரசனையில் சாலைச் சைக்கிளின் மிக அழகான உறுப்பு இந்தக் கேலிப்பர்தான். அதில் மறைந்த இடம் எதுவும் கிடையாது. லிவரை அழுத்தினால் எந்தக் கை எங்கே திரும்புகிறது, எந்த ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது என்று ஒரு சிறுவன்கூடப் பார்த்தே புரிந்துகொள்வான்.

தேய்ந்த பிரேக்கைச் சரிசெய்வது ஒரு கலை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு சீனப் பெரியவரின் கைகள். ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். புதுக் கட்டையை எடுப்பதற்கு முன்னால் அவர் பழையதை நெடுநேரம் பார்ப்பார். பள்ளங்கள் மறைந்துவிட்டனவா? ஒரு முனை மட்டும் தேய்ந்திருக்கிறதா? ரப்பர் கண்ணாடி போல மினுங்குகிறதா? பிறகு ஊசியால் கிளறி, உள்ளே புதைந்த அலுமினியப் பொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பார். மழையில் மணலும் ரிம்மின் தூளும் சேர்ந்து அரைபட்டு ரப்பருக்குள் புகுந்துகொள்கின்றன. அடுத்த இறக்கத்தில் அவையே ரிம்மைச் சுரண்டுகின்றன. கட்டை தேய்ந்தால் சில வெள்ளிகளோடு போயிற்று. ரிம் தேய்ந்தால் சக்கரத்துக்கே செலவு. அதனால்தான் அவர் கட்டைவிரலை ரிம்மின் பக்கவாட்டில் வைத்து மெல்ல இழுத்து, அது குழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு புள்ளியோ கோடோ இருக்கும். அது மறைந்தால் ரிம்மை மாற்றியே ஆக வேண்டும்.

கட்டை மாற்றுவது பார்ப்பதற்கு எளிது. சின்னத் திருகை எடுத்துவிட்டு ரப்பரை உருவி, புதியதைச் செருகினால் முடிந்தது. ஆனால் செருகும் கூட்டின் மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். ரிம் சுழலும்போது கட்டையை முன்னோக்கித்தான் இழுக்கும். திறந்த முனை முன்னால் இருந்தால், திருகு தளர்ந்த நாளில் கட்டை நழுவி ஓடிவிடும்.

இனி வருவதுதான் நான் பார்த்துத் தீராத கட்டம். கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட வேண்டும்; பின்முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். பெரியவர் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைப் பின்முனையில் செருகி, லிவரை அழுத்திப் பிடித்தபடி ஆலன் கீயால் முறுக்குவார். முறுக்கும்போது கட்டை தானும் கொஞ்சம் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பத்தை இடது கையின் இரண்டு விரல் எதிர்பார்த்துத் தடுத்து நிற்கும். இது சரியாக அமையாத பிரேக், ரிம்மைப் பிடித்துப் பிடித்து விட்டு அதிரும். அந்த அதிர்வுதான் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும் கிறீச்சொலி. சரியாக அமைந்தால் ஒலியே இராது.

வயரும் அப்படித்தான். 1.6 மில்லிமீட்டர் கம்பி. கடலோர ஊரில் உப்பு முதலில் அரிப்பது உறைக்குள் ஒளிந்திருக்கும் பகுதியை. லிவர் கனமாகிறது என்றால் பலரும் கட்டையைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றம் வயருடையது. உறையை வெட்டிய பிறகு முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, நசுங்கிய உட்குழாயை ஊசியால் திறந்துவிடுவது ஒரு நிமிட வேலை. அதைச் செய்த வண்டியையும் செய்யாத வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு லிவரைத் தொட்டே பிரித்துச் சொல்லலாம். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் இத்தனையும் வீண் என்பதால், அவர் எப்போதும் கோட்டம் எடுத்துவிட்டுத்தான் பிரேக்கைத் தொடுவார்.

மலேசியாவின் பெருமையான சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் என்ற ஓடுதளப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற வண்டியில் பிரேக்கே கிடையாது. மரத்தளத்தில் அது பொருந்தும். எதிரே டுரியான் கடை வராது. சாலையில் கதை வேறு. பிடியை நம்புகிறவன்தான் வளைவுக்குள் துணிந்து வேகமாக இறங்குவான். நம்பாதவன் மேலிருந்தே அழுத்திக்கொண்டு வந்து ரிம்மையும் மனத்தையும் சூடேற்றுவான்.

இப்போது டிஸ்க் பிரேக் காலம். 2018 ஜூலையில் உலகச் சைக்கிள் சம்மேளனம் சாலைப் பந்தயங்களில் அதை முழுமையாக அனுமதித்தது. புதிதாக வரும் உயர்விலை வண்டிகளில் ரிம் பிரேக் அரிதாகிவிட்டது. மழையில் டிஸ்க்கின் பிடி மேல். இதில் எனக்கு மறுப்பில்லை. நனைந்த ரிம், தண்ணீரைத் துடைத்து முடிக்கும்வரை பிடி கொடுக்காது. கூல்ஸ்டாப் நிறுவனத்தின் செம்மண் நிறக் கட்டை போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் டிஸ்க்கின் எண்ணெய்க் குழாய்க்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பழுது வந்தால் ஊசியும் அட்டைத் துண்டும் போதாது. கைவேலைக்கு இத்தனை இடம் கொடுக்கும் ரிம் பிரேக்கை விட எனக்கு மனம் வரவில்லை.

புதுக் கட்டை போட்ட வண்டியை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ரப்பருக்கும் ரிம்முக்கும் இன்னும் பழக்கம் ஏற்படவில்லை. விடியற்காலையில் கர்னி டிரைவில் கார்கள் குறைவாக இருக்கும்போது, நல்ல வேகமெடுத்து, நின்றுவிடாமல் நடை வேகத்துக்கு இறக்குங்கள், மறுபடி வேகமெடுங்கள். ஒவ்வொரு தடவையும் லிவர் கடிக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். வயரும் புதிதாயிருந்தால் முதலில் சற்றே இளகும். கேலிப்பரில் வயரை இறுக்கும் திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் சரியாகும். ஒற்றை விரலால் அழுத்தியே வேகத்தை நினைத்த அளவுக்குக் குறைக்க முடிகிறது என்றால், அடுத்த ஞாயிறு பாலிக் பூலாவுக்குப் புறப்படலாம்.