இழுக்காத பிடி

சுருட்டை முடியின் அழகு பின்னால் இருந்து பார்ப்பவருக்குத்தான் முழுதாகக் கிடைக்கும். கம்பைநல்லூரிலிருந்து காலையில் தருமபுரிக்குக் கிளம்பும் பேருந்தில் கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு வேறு வேடிக்கை தேவையில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்கள், ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாக்கள் என்று முன்னால் வரிசையாகத் தலைகள். ஒரு காலத்தில் எல்லாமே எண்ணெய் வைத்து வழித்து வாரி இறுக்கிய சடைகளாக இருந்தன. இப்போது அந்த வரிசையில் அங்கங்கே நண்டு கிளிப் தெரிகிறது. ஃபேன்சி ஸ்டோரில் கிளட்ச் என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அதேதான். அது சுருட்டை முடியில் உட்கார்ந்திருந்தால் என் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

பிடரியில் அள்ளிய முடியை ஒரே ஒரு முறுக்கு முறுக்கி மேலே ஏற்றி, நடுவில் ஒரு கருப்புக் கிளிப். அவ்வளவுதான். நுனிச் சுருள்கள் கிளிப்பின் மேல் இரண்டு பக்கமும் வழிகின்றன. காதோரம் ஒன்றிரண்டு சுருள் தப்பி நிற்கிறது. கண்ணாடி பார்த்துச் செய்திருக்கவே மாட்டாள். வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே செய்திருப்பாள். ஆனால் அந்தக் கொண்டையில் மேடு எங்கே, பள்ளம் எங்கே, கனம் எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் கச்சிதமாக அமைந்திருக்கும். அந்தக் கச்சிதத்தில் பாதி அவள் கையுடையது. மீதி அந்த முடியுடையது.

சுருட்டை முடிக்கு எந்த அலங்காரம் பொருந்தும் என்று யாராவது கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். எது இழுக்காமல் பிடிக்கிறதோ அது. சடை முடியை இழுத்துப் பிடிக்கிறது. ரப்பர் பேண்டும் அப்படியே. நண்டு கிளிப் மட்டும் முடியின் பருமனைப் பிடிக்கிறது. சுருள்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கின்றன, கிளிப்பின் பற்கள் உட்பக்கம் அழுத்துகின்றன, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வழவழவென்று நேராக வளரும் முடியில் இதே கிளிப் பேருந்து தருமபுரி போய்ச் சேருவதற்குள் சரிந்து தொங்கும். சுருட்டையில் ஓர் இழையின் வளைவுக்குள் இன்னோர் இழை மாட்டிக்கொண்டிருப்பதால் நகராது. சின்ன வயதிலிருந்து ‘பரட்டை’ என்று வசவு வாங்கிய முடிக்கு இந்த ஒரு பொருளிடம் முதலிடம் கிடைத்திருக்கிறது.

இந்தப் பிடி ஒன்றும் நமக்குப் புதிதில்லை. கம்பைநல்லூரைச் சுற்றி நிலக்கடலை பிடுங்கும் இடத்திலோ சாமந்தி பறிக்கும் தோட்டத்திலோ போய்ப் பாருங்கள். அறுபது வயது அம்மா ஒருவர் வேலைக்கு நடுவில் அவிழ்ந்த கூந்தலை ஒரு கையில் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே நுனியை நுழைத்து, ஒரு இழு இழுத்து நிறுத்துவார். கோடாலி முடிச்சு. ஊசி இல்லை, ரப்பர் இல்லை, கிளிப் இல்லை. முடியே முடியைக் கட்டுகிறது. தலையசைவுக்கும் குனிதலுக்கும் நிமிர்தலுக்கும் அது விட்டுக்கொடுத்து நிற்கும். சுருட்டை உள்ளவர்கள் போடும் கோடாலி முடிச்சு பொழுது சாயும்வரை அப்படியே இருப்பதைக் கவனித்திருக்கிறேன். நண்டு கிளிப் செய்வது இதே வேலையைத்தான். நுனியை உள்ளே நுழைக்க வேண்டிய இடத்தில் பல் நுழைகிறது.

பழைய தமிழில் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு, ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்ற கணக்கில். அந்த ஐந்து எவை என்பதில் உரைகள் வேறுபடுகின்றன. ஆனால் முடிப்பதிலும் சுருட்டுவதிலும் தமிழர்கள் எத்தனை நுட்பம் பார்த்தார்கள் என்பதை அறிய எனக்கு ஏட்டைவிடக் கல்லும் செம்பும்தான் அதிகம் உதவின. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு இந்தக் கண்ணோடு ஒருமுறை போகலாம். இந்த மாவட்டத்தில் கிடைத்த நடுகற்கள் அங்கே இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரர்கள் வில்லும் வாளுமாகப் பாயும் நிலையில் நிற்கிறார்கள். அவர்களில் கொண்டை முடிந்தவர்களைத் தேடிப் பாருங்கள். சிற்பி முகத்துக்குக் கொடுக்காத விவரத்தைச் சில இடங்களில் அந்த முடிச்சுக்குக் கொடுத்திருக்கிறான்.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பார்த்தவர்கள் அந்தத் தலைக்கட்டை மறக்க மாட்டார்கள். 1011-ஐச் சேர்ந்த செப்புத் திருமேனி. இல்லாத காளையின் மேல் கை ஊன்றி, ஒரு கால் குறுக்கிட்டு நிற்கும் அந்த இறைவனுக்குக் கிரீடம் கிடையாது. சடையையே சுற்றிச் சுற்றித் தலைப்பாகையாகக் கட்டி, பாம்புகளை அதில் பிணைத்திருக்கிறார்கள். அந்தச் சுற்றில் இறுக்கம் துளிகூட இல்லை. தளர்வாகச் சுற்றியது, ஆனால் அவிழாது. சோழர் செப்புத் திருமேனிகள் பலவற்றின் பின்புறமும் இப்படியே ஈர்க்கும். சிரச்சக்கரத்துக்குக் கீழே, பிடரியிலும் தோளிலும் சுருள்கள் இழைஇழையாக இறங்குகின்றன. கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடுவதால் யாரும் பார்க்கப்போகாத பக்கம் அது. வார்த்த ஸ்தபதி அங்கேயும் ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாகத் திருத்தியிருக்கிறார். சுருட்டை முடிக்காரப் பிள்ளையை அழைத்துப்போய், சிலையைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று நாம் வாங்கும் கிளிப்பின் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1986-இல் கிறிஸ்தியன் பொத்யு என்பவர் அதை வடிவமைத்தார். பிரான்சின் கிழக்கே ஒயொனா என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் பல தலைமுறைகளாகச் சீப்பு செய்து பிழைத்த பகுதி. முதலில் மரம், பிறகு கொம்பு, பிறகு செல்லுலாய்டு, கடைசியில் பிளாஸ்டிக் என்று அந்தத் தொழில் மாறிக்கொண்டே வந்தது. அந்தச் சீப்புத் தொழிலின் வழியில் வந்ததுதான் இந்தக் கிளிப்பும். கூர்ந்து பார்த்தால் அதன் அமைப்பு புரியும். எதிரெதிராக வைத்த இரண்டு வளைந்த சீப்புகள், நடுவில் ஒரு கம்பிச் சுருள். தொண்ணூறுகளில் உலகம் முழுவதும் பரவி, நம் ஊர்த் திருவிழாக் கடைகளுக்கும் வந்தது. பிறகு ‘வீட்டில் போடுவது’ என்று ஒதுங்கி, சில வருடங்களாக மறுபடியும் வெளியே தலைகாட்டுகிறது.

வாங்கும்போது நிறத்தையும் கல்லையும் பார்ப்பதற்கு முன் பல்லைத் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த மலிவான கிளிப்பில் இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் மெல்லிய விளிம்பு நிற்கும். விரலில் உறுத்தும். நேர் முடியில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். சுருட்டையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று இழையை அறுத்துக்கொண்டுதான் வெளியே வரும். அசிடேட் தகட்டில் வெட்டி, சூட்டில் வளைத்து, மெருகேற்றியவை இந்தத் தொல்லை தருவதில்லை. விலை அதிகம், ஆனால் உழைக்கும். அது கிடைக்காத ஊரில் சாதாரணக் கிளிப்பிலேயே விளிம்பு மழுங்கியதாகத் தேர்ந்தெடுக்கலாம். பற்கள் நீளமாக, நன்றாக வளைந்து, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். மூடும்போது மேல்வரிசைப் பல் கீழ்வரிசைப் பல்லுக்கு இடையில் போய் உட்கார வேண்டும். உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் சுருள் நசுங்கக் கூடாது. தட்டையாக மூடிக்கொள்வது நேர் முடிக்கானது. “பெருசா, பல்லு நீட்டா இருக்கறது குடுங்கக்கா” என்று கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

மாட்டும் முறையில் முக்கியமானது ஒன்று இருக்கிறது. பலரும் முறுக்கிய கொண்டையின் மேல் மட்டும் கிளிப்பைக் கடிக்க விடுகிறார்கள். அது நிற்காது. கிளிப்பை அகலத் திறந்து, ஒரு வரிசைப் பல்லைக் கொண்டைக்கும் தலைக்கும் நடுவில், தோலை உரசியபடி இறக்க வேண்டும். அப்போது அது வேரோர முடியையும் சேர்த்துப் பிடிக்கும். மற்ற வரிசை கொண்டையின் வெளியே வரும். சரியாக மாட்டினால் தலையைக் குலுக்கும்போது கிளிப் தனியாக ஆடாது.

அள்ளுவதற்குச் சீப்பு வேண்டாம், விரல்கள் போதும். காய்ந்த சுருட்டையில் சீப்பை விட்டால் சுருள் உடைந்து பஞ்சாகும். சிக்கெடுப்பதைத் தலை நனைந்திருக்கும்போதே, பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கி முடித்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அரைக் கொண்டை. இரண்டு காதுக்கு மேலும் கட்டைவிரலை வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால் மேல்பாதி முடி தனியாகக் கையில் வரும். அதை ஒரு முறுக்கு முறுக்கி, உச்சியை நோக்கிச் சற்றே தள்ளி, நடுத்தரக் கிளிப் ஒன்று. தள்ளியதால் முன்தலையில் மென்மையாக ஒரு மேடு எழும். கீழ்ப்பாதி தோளில் புரளும். தலைக்குக் குளித்த மறுநாள், சுருள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது இது இன்னும் அழகு. முகத்துக்கு இடம் கிடைக்கிறது, கூந்தலுக்கும் கிடைக்கிறது.

அடர்த்தி அதிகம் உள்ளவர்கள் ஒரே பெரிய கிளிப்புக்குள் எல்லாவற்றையும் திணிப்பதைவிட மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போடலாம், கழுத்தும் வலிக்காது. கழுத்தளவு வெட்டிய சுருட்டைக்குக் காதோர முடியைப் பின்னோக்கி முறுக்கிச் செருகும் சின்னக் கிளிப்புகள் போதும். எந்தக் கொண்டையாக இருந்தாலும் நுனியை முழுதும் ஒளித்து வைக்காமல், இரண்டு விரல் நீளத்தைக் கிளிப்புக்கு மேலே வழியவிட வேண்டும். சுருட்டையின் கையெழுத்து நுனியில்தான் இருக்கிறது.

ஈரத்தோடு முழுக் கொண்டை போடுவது மட்டும் கூடாது. முடியின் புரதச் சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் அவிழ்ந்து, காயும்போது மறுபடி கட்டிக்கொள்கின்றன. எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவம் தங்கும். கிளிப்பின் தடம் குறுக்கே பள்ளமாக விழுந்துவிடும். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். உச்சியில் வேரோரமாகச் சின்னக் கிளிப்புகள் சிலவற்றைச் செருகித் தலையைக் காயவிட்டு எடுத்தால், படிந்து கிடக்கும் மேல்தலை எழுந்து நிற்கும்.

வறட்சி நம் ஊர்ச் சுருட்டைக்குப் பெரிய எதிரி. நேரான முடியில் தலைத்தோலின் எண்ணெய் நுனிவரை எளிதாக இறங்குகிறது. சுருளின் வளைவுகளில் அது நின்றுவிடுகிறது. சென்னையில் கடற்காற்று சுருட்டையை உப்ப வைக்கிறது என்றால் இங்கே சித்திரை வெயில் உலர வைக்கிறது. தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று மும்பையில் ரேலேவும் மொஹிலேயும் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. கனிம எண்ணெயாலும் சூரியகாந்தி எண்ணெயாலும் அது முடியவில்லை. பாட்டிகள் எண்ணெய் வைத்ததில் பிழையில்லை. எண்ணெய் வைத்த கையோடு இழுத்து நேராக்கப் பார்த்ததுதான் முடியின் இயல்புக்கு ஒவ்வாதது. தலை அலசுவதற்கு நம் பக்கத்து அரப்பு நல்ல பொருள். உசிலை மரத்து இலையை உலர்த்தி இடித்த பொடி. குழைத்துத் தடவினால் வழுவழுப்பு வரும், விரலுக்குச் சிக்கு இளகும். அரப்பு போட்டு அலசி நிழலில் காயவிட்ட சுருட்டையைக் கிளிப்பில் ஏற்றிப் பார்த்தவர்கள் வேறொன்றுக்கு எளிதில் மாற மாட்டார்கள்.

பூ வைக்க முடியாது என்று சிலர் நண்டு கிளிப்பைக் குறை சொல்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு, இத்தனை சாமந்தியும் கனகாம்பரமும் விளையும் ஊரில் அந்தக் குறை நிற்காது. கிளிப்பை மாட்டும் முன் கனகாம்பரச் சரத்தின் ஒரு முனையைப் பற்களுக்குள் கொடுத்து மூடி, மறுமுனையைக் கொண்டையைச் சுற்றி வளைத்து அடியில் செருகினால் போதும். சுருள்களே ஊக்கின் வேலையைச் செய்யும். கருப்புச் சுருள்களுக்கு நடுவே அந்தக் காவி ஆரஞ்சு நிறம் எப்படி எழுந்து நிற்கிறது என்பதை ஏதாவது ஒரு திருவிழா நாளில் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பாருங்கள்.

சினிமா இதில் ஒரு நல்லது செய்திருக்கிறது. 2015-இல் ‘பிரேமம்’ வந்தபோது அனுபமா பரமேஸ்வரனின் சுருட்டைக்குத் தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் உண்டானார்கள். நித்யா மேனன் தன் சுருட்டையை மறைக்காமலே தமிழ்ப் படங்களில் நாயகியாக நிற்கிறார். அதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்யப் பணம் சேர்ப்பதை விட்டுவிட்டுக் கிளிப் வாங்குகிறார்கள்.

மாறாமல் இருப்பது பள்ளிக்கூடம். பல பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடைதான் விதி. நேர் முடிப் பிள்ளைக்கு அது கொஞ்ச நேர வேலை. சுருட்டை முடிப் பிள்ளைக்கு தினமும் காலையில் அழுகை. வருடக்கணக்கில் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி உதிர்ந்து பின்வாங்கும். தோல் மருத்துவர்கள் நன்றாக அறிந்த பாதிப்பு அது. ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. முடி முகத்தில் விழக் கூடாது, பேன் தொற்றக் கூடாது, எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். கல் வைக்காத, உள்ளங்கையளவுக் கருப்புக் கிளிப் ஒன்றில் அள்ளிச் செருகிய கொண்டை இந்த மூன்றுக்கும் போதும். அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, சீருடைப் பட்டியலில் ரிப்பனுக்குப் பக்கத்தில் ‘அல்லது கருப்பு கிளிப்’ என்று சேர்த்துக் கொடுக்கும்படி பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். சுருட்டை முடி உள்ள ஆசிரியை ஒருவர் கேட்டால் இன்னும் நல்லது.