மூன்று உரையாசிரியர்கள்

திருக்குறளுக்குப் பரிமேலழகர் ஒரு பொருள் சொல்கிறார். மணக்குடவர் சில இடங்களில் வேறு பொருள் சொல்கிறார். குறள் என்னவோ ஒன்றுதான். காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போனும் இப்படி ஓர் உரையாசிரியர்தான் என்பது என் கட்சி.

ஆர்க்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது திமிரி. மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சென்னையில் போய்த் தங்க எல்லோராலும் ஆகுமா? என் போன்றவர்களுக்குப் பழைய ஒலிப்பதிவுதான் கச்சேரி, இயர்போன்தான் சபா. ஆகையால் எந்த இயர்போன் உள்ளதை உள்ளபடி சொல்கிறது என்பது எனக்கு வெறும் பொழுதுபோக்கு விவகாரம் அல்ல.

எம்.டி. ராமநாதனின் (1923-1984) பாட்டை மூன்றிலும் கேட்டேன். தாழ்ந்த சுருதி, அவசரமே இல்லாத காலப்பிரமாணம், பக்கத்தில் மிருதங்கம். பரீட்சைக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடைக்காது.

முதலாவது, ஐந்து டாலருக்கு விற்பனைக்கு வந்த 'மாங்க்'. இது காதின் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறது, துளையை அடைப்பதில்லை. அதனால் கீழ் ஒலிகள் கசிந்து போய்விடுகின்றன. ஆனால் குரல் இருக்கிறதே, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி அத்தனை நெருக்கம்! தொப்பியின் கனம் மட்டும் பாதிதான் வருகிறது.

இரண்டாவது, 2021-இல் சீனாவிலிருந்து வந்த மூன்ட்ராப் 'ஆரியா'. பெரும்பாலான ரஸிகர்களுக்குக் கீழ் ஒலி சற்றுத் தூக்கலாக இருந்தால் பிடிக்கிறது என்று ஹார்மன் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆரியா ஏறக்குறைய அந்த வழியில் போகிறது. தொப்பி 'கும்' என்று நெஞ்சில் இறங்குகிறது. சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே கனத்த குரலுக்கு மேலும் ஒரு கம்பளி போர்த்தியது போல ஆகிவிடுகிறது. தம்பூரா பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது.

மூன்றாவது, எடிமோட்டிக் 'ஈ.ஆர்-4'. 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. காதுத் துளைக்குள் ஆழமாகப் போக வேண்டும். சரியாகப் பொருந்தாவிட்டால் கீழ் ஒலி அடியோடு போய்விடும். முதல் தடவை கேட்கிறவர்கள் "என்ன ஐயா, இத்தனை வறட்சி?" என்பார்கள். வாஸ்தவம். இது உபசாரம் செய்வதில்லை. ஆனால் தம்பூராத் தந்தியின் ஜீவா தனியாகக் கேட்கிறது. வலந்தலையில் மீட்டு விழுவதும், தொப்பியில் உள்ளங்கை அழுத்தி நகர்வதும் தனித்தனியே தெரிகின்றன.

அந்த நகர்வு கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்கக் கூடாது. மிருதங்கத்தின் நாதம் மாடு, ஆடு, எருமைத் தோல்களைப் பார்த்துத் தேர்ந்து, இழுத்துக் கட்டியவர்களின் கைவேலை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். மேடையில் அவர்கள் பெயரைச் சொல்வது அபூர்வம். பதிவில் அவர்கள் மிஞ்சியிருப்பது அந்த நாதத்தில் மட்டுமே. அதையும் பொதுவான ஒரு முழக்கத்தில் கரைத்துவிட்டால் அது அநியாயம் அல்லவா?

பாலக்காடு மணி ஐயர், ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்று, மைக் வைத்த மேடைகளில் வாசிக்க ஒரு காலத்தில் மறுத்தார். அதைப் பிடிவாதம் என்றவர்கள் உண்டு. தம் தொப்பிக்கு இன்னொருவர் உரை எழுதுவதை அவர் விரும்பவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அலுத்துப்போன சாயங்காலத்துக்கு மாங்க் போதும். ஐந்து டாலருக்கு அத்தனை நெருக்கமான குரலை வேறு யார் தருவார்கள்? பஸ் பிரயாணத்துக்கு ஆரியா தோதானது. பாடியவரும் வாசித்தவரும் வாத்தியம் செய்தவரும் என்ன செய்தார்கள் என்று அறிய விரும்புகிற அன்றைக்கு, கொஞ்சம் வறட்சியைப் பொறுத்துக்கொண்டு ஈ.ஆர்-4-ஐ மாட்டிக்கொள்ளுங்கள்.