கோப்பும் நாவும்: வத்தேகமவிலும் தமிழ்நாட்டிலும் முதல் நேர்முகப் பரீட்சைக்கான ஆயத்தம்

கண்டியிலிருந்து மாத்தளை வரை 1880இல் நீண்ட ரயில் பாதையில் அமைந்துள்ள வத்தேகம, சுற்றுப்புறத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடைத்தெருவாகவும், பாத்ததும்பற பிரதேச செயலகத்தின் இருப்பிடமாகவும், ஒரு கல்வி வலயத்தின் மையமாகவும் விளங்கும் சிறு நகரம். இந்நகரை அண்டிய தோட்டங்களில் க.பொ.த. உயர்தரம் முடித்த ஒருவர் தம் முதல் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் முறையை, இலங்கையின் மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா சென்றோர் குடியேறிய நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அதே வயதினர் ஆயத்தமாகும் முறையோடு ஒப்பிடுவது பொருத்தமுடையது. ஏனெனில் ஒரே உழைப்பு வரலாற்றைக் கொண்ட மக்கள் இரு அரசுகளின் கீழ் வேலை தேடும்போது, வேறுபாடுகளுக்குப் பெரும்பாலும் அரசுகளின் நடைமுறைகளே காரணமாகின்றன.

இலங்கையில் அரசாங்க வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும் வர்த்தமானியில் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவ்வறிவித்தல்கள் இரு வகை நேர்முகப் பரீட்சைகளைக் குறிப்பிடுவது வழக்கம். ஒன்று பொது நேர்முகப் பரீட்சை. இதற்குப் புள்ளிகள் இல்லை, விண்ணப்பதாரி கோரப்பட்ட தகைமைகளை உண்மையிலேயே கொண்டுள்ளாரா என்று மூலச் சான்றிதழ்களைப் பார்த்து உறுதிசெய்வதே அதன் நோக்கம். மற்றையது கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை. இதில் மேலதிகக் கல்வித் தகைமை, மொழித் தேர்ச்சி, கணினி அறிவு, இணைப்பாடவிதானச் செயற்பாடு என முன்கூட்டியே வகுக்கப்பட்ட தலைப்புகளுக்குப் புள்ளிகள் பகிரப்படுகின்றன. முதலாவதில் முழுவதும், இரண்டாவதில் பெரும்பகுதியும் தாளில் காட்டக்கூடியவையே தீர்மானிப்பதால், வத்தேகமவில் ஆயத்தம் என்ற சொல்லுக்கு நடைமுறைப் பொருள் ‘பைல்’ ஒன்றை நிரப்புவது என்றாகிவிட்டதில் வியப்பில்லை.

அந்தப் பைலைத் திறந்து பார்ப்பது பயனுள்ளது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிட, நற்சான்றிதழ், உறவினரல்லாத இருவரின் நற்சாட்சிக் கடிதங்கள், விளையாட்டிலோ தமிழ்த்தினப் போட்டியிலோ பெற்ற சான்றிதழ்கள் என்று ஒரு வரிசை அதில் இருக்கும். உறவினரல்லாத இருவர் என்ற விதி நகரத்தாருக்கு எளிது. தோட்டத்தில் பிறந்தவருக்கோ, பதவியும் முத்திரையும் உடையவர்களில் தம்மை அறிந்தவர் பாடசாலை அதிபரும் தோட்ட உத்தியோகத்தர் ஒருவருமாக மட்டுமே இருக்கக்கூடும். அதைவிடத் தொல்லை தருவது பெயர். தோட்டத்தில் எழுதப்பட்ட பிறப்புப் பதிவில் ‘ராமசாமி மகள் செல்வராணி’ என்றும், பாடசாலைப் பதிவேட்டில் ‘ஆர். செல்வராணி’ என்றும், சிங்களத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்குப் போன மூன்றாம் வடிவில் ‘செல்லவரானி’ என்றும் ஒரே பெண் மூவராகிவிடும்போது, இம்மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துப் பைலில் சேர்க்கவேண்டியிருக்கிறது. சத்தியக்கடதாசி என்பது ஒருவர் தாம் கூறுவது உண்மையென உறுதியளித்துக் கையொப்பமிடும் சட்ட ஆவணம். நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் இதற்காக அலைவோர் அரிதல்லர். முகவரியும் இவ்வாறே. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் அறைகளுக்குத் தனி இலக்கமும் தெருப் பெயரும் இல்லாத இடங்களில் கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியே வருவதால், அழைப்புக் கடிதம் உரிய நாள் கழிந்தபின் கைக்குக் கிடைத்தது என்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. இங்கே ஆயத்தத்தின் முதற்படி, கடிதம் வந்துவிட்டதா என்று அலுவலகத்தில் தவறாமல் விசாரிப்பதுதான்.

இத்தாள்பற்றை வெறும் அலுவலகப் பழக்கம் என்று ஒதுக்குவது சரியன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவுமாறு கோரிய நாளிலிருந்து, மலையகத் தமிழருக்குப் பத்திரம் என்பது இருப்பின் அத்தாட்சியாகிவிட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டு, ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். தொடர்ச்சியாக வதிந்ததைக் காட்டும் ஆவணங்கள் போதவில்லை என்பது நிராகரிப்புகளுக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். நாடற்றவர் என்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பெருமளவு முடிவுக்கு வந்தது. ஆகவே இன்று பேரப்பிள்ளையின் பைலைப் பாட்டியே பொலித்தீன் உறையில் பத்திரப்படுத்தித் தருவதில் ஓர் அரசியல் நினைவு உறைந்திருக்கிறது.

கடலுக்கு அப்பால் அரசுப் பணிக்கான பாதை வேறு விதமாகத் திரும்பிவிட்டது. இந்திய ஒன்றிய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பதவிகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வையே நீக்கியது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்விலும் எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்ற மூன்று படிகளே உள்ளன. அதனால் பத்தாம் வகுப்புத் தகுதியோடு அரசு வேலை நாடும் கோத்தகிரி இளைஞர், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் போன்ற இலவச வகுப்புகளில் வினா வங்கிகளோடு காலம் கழிக்கிறார். அதிகாரி முன் அமர்ந்து பேசும் கட்டம் அவருக்கு வருவதே இல்லை. சாதிச் சான்றிதழும் தமிழ்வழிக் கல்விச் சான்றிதழும் அங்கும் உயிர்நாடியானவைதாம், ஆனால் அவை மதிப்பெண் எடுத்த பிறகு கேட்கப்படுபவை. தாயகம் திரும்பியோர் எனப்படும் இம்மக்களுக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டை அங்கே தனி மதிப்புப் பெற்றது; 1964 நவம்பர் 1 முதல் ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு ஒன்றிய அரசுத் தேர்வுகளில் வயதுவரம்புத் தளர்வும் இருந்தது.

தமிழ்நாட்டில் ‘இன்டர்வியூ’ என்ற சொல் இன்று பெரிதும் தனியார் துறைக்கே உரியது. கோயம்புத்தூர், சென்னைப் பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் வளாக நேர்காணலுக்கு, அதாவது நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் முறைக்கு, மாணவரை இறுதியாண்டுக்கு முன்பே பழக்கத் தொடங்குகின்றன. கணக்குத் திறன் தேர்வு, குழு விவாதம், துறைசார் கேள்விகள், கடைசியில் மனிதவளப் பிரிவினரோடு உரையாடல் என்ற படிகள் ஒவ்வொன்றுக்கும் ஒத்திகை நடக்கிறது. 2022 மார்ச் 1இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் இப்பயிற்சியை அரசுக் கல்லூரிகளுக்கும் கொண்டுசென்றது. இதன் பலன் கண்கூடு: முதல் தலைமுறைப் பட்டதாரியும் அந்நியர் முன் நடுங்காமல் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுகிறார். குறையும் கண்கூடு. தம்மைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டால் ஊர், தந்தையின் தொழில், பொழுதுபோக்கு, பலம், பலவீனம் என்று ஒரே அச்சில் வார்த்த விடையை வரிசையில் நிற்கும் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். ‘அளவுக்கு மீறி உழைப்பதே என் பலவீனம்’ என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்த தேர்வாளர்கள் அவ்விடைக்கு மதிப்பளிப்பார்கள் என்று நம்புவது கடினம்.

வத்தேகம இளைஞருக்கு இந்த ஒத்திகை கிடைப்பதில்லை. கண்டி நகரத்து வங்கி, சுப்பர் மார்க்கெட், ஹோட்டல் ஆகியவற்றில் வேலை கேட்டுச் செல்லும்போது, அவர் கவனமாக அடுக்கிய பைலை மேசைக்கு அப்பால் இருப்பவர் ஒரு நிமிடம் புரட்டிவிட்டு மூடிவைத்துச் சிங்களத்தில் பேசத் தொடங்குகிறார். அவ்வேளையில் மூன்றாம் பந்தியில் குறிப்பிட்ட அத்தனை தாள்களும் மௌனமாகிவிடுகின்றன. கடைத்தெருவில் பேரம் பேசப் போதுமான சிங்களம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு உண்டு. தம் கல்வியையும் திறமையையும் மரியாதைச் சொற்களோடு விளக்கும் சிங்களம் வேறு, அதற்கு எவரும் பயிற்சி தருவதில்லை.

மொழி பற்றிய விதிகளும் இவ்விடத்தில் எதிரெதிராக நிற்கின்றன. தமிழ்நாடு 2021 டிசம்பரில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெறுவதை அரசுப் பணித் தேர்வுகளில் கட்டாயமாக்கி, மக்களின் மொழியை வாசலிலேயே சோதிக்கிறது. இலங்கையோ 2007 ஜூலை 1 முதல் சேவையில் சேர்வோர் மற்றை அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007 மூலம் விதித்து, மொழியை உள்ளே வந்த பிறகு கற்கச் சொன்னது. சட்டத்தின் பார்வையில் இது சிங்களவருக்கும் தமிழருக்கும் சமமான சலுகைதான். ஆயினும் தனியார் முதலாளிக்கு ஐந்து ஆண்டு பொறுக்கும் அவசியம் இல்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் மாணவர்கள் வத்தேகம வலயத்தின் ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலும் உள்ளனர். அம்மாதங்களில் பெயர்த் திருத்தத்தையும் சத்தியக்கடதாசியையும் அவசரமின்றி முடித்துக்கொள்வதோடு, வாரத்தில் இரு மாலைகளாவது ஆசிரியர் இருவரை எதிரே அமர்த்திச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேள்வி கேட்கவைக்கப் பாடசாலை அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் முன்வரவேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ திட்ட நிதியோ தேவையில்லை; மூன்று நாற்காலிகளும் மனமிருக்கும் ஆசிரியர் இருவரும் போதும்.