ஷூவில் ஏறும் சிவகாசி லேபிள்

வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கி, அதில் தானே படம் வரைந்து போட்டுக்கொள்வது நம்ம பக்கத்துப் பசங்களுக்கும் வந்தாச்சு. யூடியூபில் இருக்கும் ஆரம்பப் பாடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒண்ணுதான்: சுத்தம் பண்ணு, தோல் ஷூ என்றால் அசிட்டோன் தொட்டுக் கம்பெனிப் பூச்சை எடு, அக்ரிலிக்கை மெல்லிசாகப் பல தடவை பூசு, ஒவ்வொரு பூச்சும் காயட்டும். (அசிட்டோன் குப்பெனப் பற்றும் சரக்கு. சிவகாசிக்காரங்களுக்கு அதைப் பாடம் எடுக்க வேண்டாம்.) ஆனால் எதை வரைவது என்று வரும்போது பாடம் அனிமே முகம், தீ ஜுவாலை, வான் காவின் நட்சத்திர வானம் என்று நின்றுவிடுகிறது.

இதுக்கு ஏற்ற ஓவியப் பள்ளி உள்ளூரிலேயே இருக்கு என்பது என் கட்சி. தீப்பெட்டி லேபிளைச் சொல்கிறேன்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை தெரிந்ததுதான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பழைய லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் அல்லது தகடு. நிறம் கூடக்கூட செலவு கூடும். அதனால் மூணு நாலு நிறம், நிரவிய தட்டையான பரப்பு, தடித்த கோடு. எழுத்து தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கணும். ஒரு சேவல் என்றால் கொண்டை, அலகு, வால், அவ்வளவுதான்.

ஷூ கேட்பதும் இதையேதான். பார்க்கிறவர் கண் அஞ்சடி மேலே இருக்கு, ஷூ நடந்துகொண்டே இருக்கு. நுணுக்கமான நிழல் எல்லாம் காணாமல் போகும், கோடு நிற்கும். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது என்ற ஒழுங்கும் அச்சகத்து ஒழுங்குதான். விரல் மடங்கும் இடத்தில் வரைந்தால் பூச்சு வெடிக்கும். குதிகாலுக்குப் பக்கத்துப் பரப்பு பத்திரம். நான் கெடுத்த முதல் ஜோடியில் சேவலின் கழுத்து சரியாக மடிப்பில் விழுந்து, ஒரே வாரத்தில் அறுபட்டுப் போச்சு.

சிலர் ஒரு படி மேலே போய், பழைய லேபிளில் நிறம் கோட்டைத் தாண்டி விலகி விழுந்திருப்பதையும் பிரஷ்ஷால் வரைகிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. அங்கே அது அவசர அச்சின் பிசகு, இங்கே வெறும் அலங்காரம்.

அதைவிடப் பெரிய பிசகு, லேபிளை விட்டுக் காலண்டருக்குத் தாவுவது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடுவீடாகப் போயின. கன்னத்தின் மென்மையான நிழலேற்றம் கான்வாஸ் நெசவில் திட்டுத் திட்டாகத்தான் வரும். அது தொழில்நுட்பச் சிக்கல், பழகினால் சரியாகலாம். சரியாகாத சிக்கல் வேறு: அந்த முகங்கள் சுவரில், கும்பிடுகிறவர் கண்ணுக்கு நேராக மாட்ட வரைந்தவை. அவர்களின் லட்சுமி உங்களை நேராகப் பார்ப்பாள். அதே பார்வையைக் கணுக்காலுக்குக் கீழே வைத்தால் படத்தின் அர்த்தமே கவிழ்ந்து போகுது. சாமி குத்தம் என்று யாரும் சண்டைக்கு வருவதற்கு முன்னாடியே, படமாகவே அது தோற்றுப் போச்சு.

“லட்சுமி வெடியில் மட்டும் படம் இல்லையா, வெடிச்ச பிறகு காகிதம் காலில்தானே மிதிபடுது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு எதிர்ப்பும் பல காலமாக இருக்கு. கடைக்கு வருகிற பாட்டிகளே முகம் சுளிப்பார்கள். ஆனால் வெடிச் சுற்றில் படம் வாங்கும் நிமிஷம் வரைக்கும் கையில் இருக்கு, மிதிபடுவது பின்விளைவு. ஷூவில் மிதிபடும் இடத்தைத் தேடிப்போய் வரைகிறோம்.

சேவலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, தரையில் கிளறுவதுதான் அதன் பிழைப்பு. என் இரண்டாவது ஜோடியில் அது குதிகாலில் நிற்கிறது: சிவப்பு, மஞ்சள், கறுப்பு, மூணே நிறம்.