போகம்பறையின் இரு நினைவுகள்

ஹந்தானை அடிவாரத்துப் போகம்பறைச் சிறை (1876–2014) குறித்த முற்போக்கு எழுத்துக்களை நோக்குமிடத்து ஒரு நிகழ்ச்சியே மேலோங்கி நிற்கின்றது. விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டிருந்த என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய சமசமாஜத் தலைவர்கள் 1942 ஏப்ரலில், சிறைக்காவலர் ஒருவரின் துணையுடன் தப்பிச் சென்றமையே அது. வீரஞ்செறிந்த நிகழ்ச்சிதான், மறுப்பதற்கில்லை.

ஆயின் அதே ஆண்டில், அதே சிறையில், ஸ்டெலன்பேர்க் தோட்டத்துரை போப்பின் கொலைக்காக வீராசாமி, வேலாயுதன் என்னும் இரு தொழிலாளர் தூக்கிலிடப்பட்டனர். இவர்களுக்கு நம் இலக்கிய வரலாறு ஒதுக்கிய இடம் எத்துணை? 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுதலையே சிறைக்குரிய குற்றமாக்கியது. தோட்டத் தொழிலாளிக்குச் சிறை லயத்தின் நீட்சியாகவே அமைந்தது. இதனை விடுத்து, கைதியின் உரிமையை அரசியற் கைதியின் உரிமையாக மட்டும் காணும் திறனாய்வு வர்க்கப் பார்வையுடையதன்று. மலையக இலக்கியத்தை ஆராய்வோர் இத்தகைய வழக்குகளின் ஏடுகளையும் மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே நமது கருத்து.